நேர்வழிக்கு ஓட்டுப் போடுங்கள்

கடலின் மேல் எந்த வழியில் பறப்பது என்று பயணிகளே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் சட்டம் வந்த பிறகு, கேப்டன் பிலோமினா ஒருமுறைகூட அந்தமானுக்கு நேராகப் போனதில்லை. சொந்தக் கல்யாணத்துக்குத் தானே விமானம் ஓட்டிப் போகும் இன்றும், திமிங்கிலம் பார்க்கத் தெற்கே திருப்பச் சொல்லிவிட்டார்கள்.

"நாலு மணிக்குக் கல்யாணம், மேடம்!" என்று பதறினான் துணை விமானி இர்ஃபான். "இன்னும் ரெண்டு நிமிஷத்துல எல்லைக்கோடு. தாண்டிட்டா வழியை மாத்த முடியாது."

பிலோமினா மைக்கை எடுத்தாள். "பயணிகளே, மாப்பிள்ளை சர்ச்சுல காத்துக்கிட்டு இருக்கார். தயவுசெஞ்சு இன்னொரு தடவை ஓட்டுப் போடுங்க."

விமானம் முழுக்க விசில் பறந்தது. நேர்வழிக்கு நூற்று எழுபத்தெட்டு ஓட்டு, திமிங்கிலத்துக்கு ஒன்று. கோட்டுக்குப் பத்து வினாடி முன்னால் அவள் விமானத்தைத் திருப்பினாள். கைதட்டல் காக்பிட் வரை கேட்டது.

"யாருப்பா அந்த ஒருத்தர்?"

விசாரிக்கப் போன பணிப்பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

"உங்க அம்மா, மேடம். பொண்ணு போகாம யாரும் தாலி கட்டிடப் போறதில்ல, திமிங்கிலத்தை நான் எப்பப் பாக்குறதுன்னு கேக்குறாங்க."