உப்புப் பூத்த நீலம்

"உப்பை எடுங்க. தூள் வேண்டாம், கல்லுப்பு."

"சமையலா, ஓவியமா?" என்றான் கணவன். ஆனாலும் எடுத்து வந்தான்.

மூத்தவள் டப்பாவைத் திறந்தாள். தாளில் நீலம் இன்னும் ஈரமாக இருந்தது. நாலு கல்லை மேலே தூவினாள். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியிருந்த நீலத்தைக் குடித்தது. வெள்ளை வெள்ளையாகப் பூ விரிந்தது.

"அட" என்றான் கணவன்.

"கை வைக்காதீங்க. காயட்டும்."

சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். பல் மருத்துவமனைக்கு இது பத்தாவது ஆண்டு. பழைய நோயாளிகளுக்குக் கையால் செய்த வாழ்த்து அட்டை அனுப்ப டாக்டருக்கு ஆசை. வாசகத்தை அவர் எழுதிக்கொள்வார். பின்னணிக்கு வண்ணம் போடும் வேலையை வரவேற்பில் இருக்கும் இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். ஆளுக்கு ஐம்பது.

அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டு மருமகள்கள். அண்ணன் மனைவி மூத்தவள், தம்பி மனைவி இளையவள். நோயாளிகள் இப்போது போன் செயலியில் தாங்களே நேரம் குறித்துக்கொள்கிறார்கள். வரவேற்பில் இனி ஒரு நாற்காலி போதும். யார் இருப்பது, யார் போவது என்று மாதக் கடைசியில் சொல்வதாக டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள்தான் இந்தத் தாள்களைக் கொடுத்தார்.

"இது பரீட்சை" என்றாள் மூத்தவள். "யாருக்கு வேலையில அக்கறை இருக்குன்னு பாக்கறார்."

"அவர் பல்லு பாக்கறவர். இதையெல்லாமா பாப்பார்?"

"உங்களுக்குத் தெரியாது."

வீட்டில் அவளுக்கு அம்மா, அண்ணி, மருமகள் என்றுதான் பெயர். அந்த நாற்காலியில் மட்டும்தான் மேடம். அதை விடுவதாக இல்லை.

பழைய பல் பிரஷ் ஒன்றை வெள்ளையில் தோய்த்து, கட்டைவிரலால் இழுத்துவிட்டாள். நீலத்தின் மேல் பொடிப்பொடியாகத் தெறித்தது.

"பொருத்தமான சாமான்தான்" என்றான் கணவன்.

கதவருகே இளையவள் வந்து நின்றாள். கையில் ஒரு தாள். மழைக்காலத்து மிதியடி மாதிரி ஒரு நிறம்.

"அக்கா, எனக்கு மட்டும் ஏன் இப்படிச் சேறா வருது? பச்சையும் சிவப்பும்தான் போட்டேன்."

மூத்தவளுக்குத் தெரியும். அடியில் போட்ட பச்சை காய்வதற்குள் மேலே சிவப்பை இழுத்திருக்கிறாள். கால் மணி நேரம் பொறுத்தால் போதும். ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

"நல்லாத்தானே இருக்கு. இப்பல்லாம் இந்த மாதிரிதான் கேக்கறாங்க."

"நிஜமாவா அக்கா?"

"நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

"அப்ப மிச்சத்தையும் இப்படியே போட்டுடறேன்." இளையவள் நிம்மதியாகப் போனாள்.

கணவன் குரலைத் தணித்தான். "பாவம். சொல்லித்தான் குடேன்."

"சொல்லிக் குடுத்துட்டு, நாளைக்கு நான் வீட்டுல உக்காந்து அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டவா?"

அவன் உப்பு டப்பாவை மூடினான்.

மாதக் கடைசியில் டாக்டர் மூத்தவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மேசையில் இரண்டு அடுக்கு அட்டைகள். நீலத்தில் ஒன்றை எடுத்து, நோயாளியின் வாய்க்குள் வெளிச்சம் அடிக்கும் விளக்கின் கீழே பிடித்தார்.

"இது கடையில வாங்கினது இல்லையே?"

"கையால போட்டது டாக்டர்."

"ஐம்பதும்?"

"ஐம்பதும்."

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் இல்ல டாக்டர். மூணு நாள் போட்டுப் பாத்தேன். வந்துடுச்சு."

டாக்டர் மற்ற அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். எந்தப் பக்கம் மேல் என்று தெரியாமல் இரண்டு தரம் திருப்பினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே வைத்தார்.

"இது உங்க ஓரகத்தி போட்டது, இல்லையா?"

"அவளுக்குக் கைவேலை எதுவும் வராது டாக்டர்." மூத்தவள் வருத்தத்தோடு சொன்னாள். "நானும் எவ்வளவோ சொல்லிக் குடுத்துப் பாத்துட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒரு மாசமா எனக்குச் சரியான தூக்கம் இல்ல. ரெண்டு பேர்கிட்டயும் ஒரு குறை கிடையாது. யாரைப் போகச் சொல்றதுன்னு தெரியாம திண்டாடினேன். இந்த அட்டைங்களைப் பாத்த பிறகுதான் மனசு லேசாச்சு."

மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். உதட்டில் வந்துவிட்ட சிரிப்பை அவர் பார்க்கக் கூடாது.

"அவங்களுக்கு இந்த நாற்காலியை விட்டா வேற போக்கு இல்ல, நீங்களே சொல்லிட்டீங்க" என்றார் டாக்டர். "உங்களுக்கு என்ன, எங்க போனாலும் பிழைச்சுக்குவீங்க."