தண்ணீர் இன்னும் தயாராகவில்லை

"இன்னைக்கும் ஃபெயில், மாமா."

மருமகள் சோதனைக் குழாயை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். உடனே வாஷ்பேசினில் கவிழ்த்துக் கழுவிவிட்டாள்.

மாமனார் முகம் தொங்கியது. "கொஞ்சங்கூடக் குறையலையாம்மா?"

"அப்படியே பச்சை. இதுல மீனை விட்டா மறுநாளே மிதக்கும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

பால்கனி முழுக்க அவர் சாமான்தான். கீழே மீன் தொட்டி. பக்கத்தில் நீல டிரம் நிறைய நுரைக்கல். மேலே ஜல்லித் தட்டில் கீரை. பம்ப் தண்ணீரை ஏற்றும், அது சுற்றிவிட்டுத் தொட்டிக்கே இறங்கும்.

மீன் கழிவு அம்மோனியாவாகும். அது மீனுக்கே விஷம். நுரைக்கல்லில் பாக்டீரியா குடியேறிவிட்டால் அதைத் தின்று கீரைக்கு உரமாக்கிவிடும். குடியேறும் வரை மீன் விடக்கூடாது. அதுவரை பாக்டீரியாவுக்குப் படியளக்கத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி தூவினால் போதும்.

தண்ணீரில் மருந்தைச் சொட்டினால் நிறம் மாறும். பச்சை என்றால் அம்மோனியா இருக்கிறது. மஞ்சள் என்றால் தயார்.

நிறம் பார்ப்பது மருமகள். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை. அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஊரே தண்ணீர் குடிக்கும். அவளிடம் யார் வாதாடுவது?

மகன் சமையலறையில் மனைவியை மடக்கினான்.

"ஏண்டி, பாவம் அவரு. நாலு மீனை விட்டுட்டு சந்தோஷமாக் கிளம்பட்டுமே."

"செத்துட்டா?"

"வேற வாங்கிக்கலாம்."

"நல்லா இருக்கே நியாயம்! உயிருங்க அது."

வந்த அன்றே மாமனார் சொல்லியிருந்தார். "தொட்டியில மீன் நீந்துற அன்னைக்கு மூத்தவன் வீட்டுக்குக் கிளம்பிடுவேன். அவனும் பிள்ளைதானே." சொன்னால் சொன்னதுதான். சொல் மாறினார் என்ற பேச்சே அவரிடம் கிடையாது.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அப்பா அங்க என்ன பண்றாரு?"

"பீன்ஸ் நறுக்குறாரு."

"நேத்து?"

"துணி மடிச்சாரு."

"சம்பளமில்லாத ஆள் கெடச்சா யாருதான் விடுவா? அதான் உன் பெண்டாட்டி தினமும் பச்சை பச்சைன்னு அளக்குறா. அண்ணன் வீட்டுல தனி ரூம், தனி டிவி. காலையில எல்லாரும் பூட்டிட்டுப் போனா ராத்திரிதான் வருவாங்க. அப்பா ராஜா மாதிரி காலை நீட்டிப் படுத்துக்கலாம். இங்க பீன்ஸ்!"

மகன் பால்கனிக்குப் போய்ப் பார்த்தான். மீனே இல்லாத தொட்டித் தண்ணீரில் கீரை கொழுகொழுவென்று நின்றது. பாக்டீரியா வேலை செய்யாமல் இது எப்படி வளரும்? அவனுக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை. மனைவி குளிக்கப் போன நேரம். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்தான். மருந்தைச் சொட்டினான். குலுக்கிக் காத்திருந்தான்.

மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள்.

அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் கத்தினான். "அப்பா! இங்க வாங்க! உங்க மருமக லட்சணத்தைக் கொஞ்சம் பாருங்க!"

மாமனார் கத்தியும் கேரட்டுமாக வந்தார். பின்னாலேயே ஈரத் தலையோடு மனைவி. அவன் கையில் குழாயைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் தண்ணி டெஸ்ட் பண்றவளுக்கு வீட்டுத் தண்ணி மட்டும் கண்ணுக்குத் தெரியல பாருங்க. எப்பவோ தயாராயிருக்கும். உங்களைக் காய் நறுக்க உட்கார வச்சிருக்கா!"

அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"பதில் சொல்லேன்?"

"என்ன சொல்ல? மாமா கேக்கட்டும், சொல்றேன்."

போனில் அண்ணன் குரல். "என்னடா சத்தம்? அப்பா கெளம்புறாரா? ரூமை ஒழிச்சு வச்சாச்சு. டிக்கெட் போட்டுடவா?"

"இருண்ணா, அப்பாவே சொல்வாரு."

மாமனார் கத்தியையும் கேரட்டையும் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். குழாயை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

குழாயைப் பார்த்தார். நிற அட்டையைப் பார்த்தார். வாசலில் நின்றவளைப் பார்த்தார்.

"முதல்ல தலையைத் துவட்டும்மா. சளி பிடிச்சுக்கப் போவுது."

பிறகு போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"டிக்கெட்டெல்லாம் வேணாம்ப்பா. நானே என் கண்ணால பாத்துட்டேன்" என்றார். "இன்னும் பச்சையாத்தான் இருக்கு."