மதினிக்குக் கொடுத்த ருசி

நோய்க்குப் பிறகு நாக்கில் ருசியே இல்லாமல், அண்ணன் மனைவி எஸ்தர் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி எலும்பும் தோலுமாகிக் கிடந்தாள். அந்தோணிராஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் ருசியை எடுத்து அவளுக்கு வைக்கச் சொன்னான். அதிலிருந்து ஆறு வருடமாக அவனுக்கு மீன்குழம்பும் வெந்நீரும் ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "தம்பி, நான் தேறிட்டேன்லா. ருசியத் திருப்பி வாங்கிக்கிடுங்க. ஒங்க மொகத்தப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல."

"எறங்காமத்தான் மூணாந்தடவ சோறு வாங்குனீங்களாக்கும். தலைய உறிஞ்சுங்க மதினி, ஆறிரும்."

முன்பெல்லாம் மீன் தலையைத் தொடவே மாட்டாதவள், சிரித்துக்கொண்டே அதை எடுத்து, ருசி இருந்த காலத்தில் அவன் செய்ததைப் போலவே கண்ணை மூடி உறிஞ்சினாள். அந்தோணிராஜ் பிசைந்த சோற்றை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் ருசிக்காத அவன் வாயில் எச்சில் ஊறியது. ஆறு வருடமாகியும் இந்த அதிசயம் அவனுக்குப் பழகவில்லை.