பாஷை புரியாத சீட்டு

"நடு சீட்டுதான்கா! நிழலு, காத்து, ரெண்டு கோல் கம்பமும் பளிச்சுனு தெரியும். முன்னாடியே போயிட்டா புடிச்சிடலாம்."

பாலக்கோடு தக்காளி மண்டியில் நின்றுகொண்டு, செல்போனில் பெங்களூர் ஸ்டேடியத்தின் படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினான் சந்திரமோகன். அவன் தலைக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ் படபடத்தது. அதில் அவன் அக்கா மகள் பிரியதர்ஷினி பந்தை உதைத்துக்கொண்டிருந்தாள். முகம் அவளுடையது. கால் யாருடையதோ, பிரிண்ட் போட்டவர் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருந்தார். 'பாலக்கோட்டின் புயலே, கோல் மழை பொழிக!' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் கூலிங் கிளாஸோடு சந்திரமோகன், அவளைவிடப் பெரிதாக.

"அங்க சுத்தி யாரு உக்காருவாங்க?" என்றாள் அக்கா சுகுணா.

"நம்ம தமிழ் ஆளுங்கதான்."

"அப்ப அங்க வேணாம். மோகனு, ஒண்ணு சொல்றேன் கேளு. பிரியா எந்த டீமுன்னா..."

"எனக்குத் தெரியாதாக்கா? தமிழ்ப் புள்ள, சென்னை டீமுதான்!" என்றவன், ஏலச் சத்தம் கேட்டு ஓடிவிட்டான். அவனிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தவர்கள் அந்த ஊரில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர். பெண்கள் கால்பந்து இறுதிப் போட்டி, சென்னைக்கும் பெங்களூருக்கும். அனுமதி இலவசம், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அதுதான் வினையாகப் போயிற்று.

"மாமா ஏன்கா வரல?"

"போன மேட்சுல பின்னாடி உக்காந்தவன் சட்டையப் புடிச்சுக் கிழிச்சிட்டாரு. இனிமே வூட்லயே இருக்கட்டும்."

"மாமாவா? அவரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரேக்கா!"

சுகுணா அவன் காட்டிய பக்கம் நடந்தாள். நடு வரிசையில் போய் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஒருவர் தமிழில் வாயைத் திறந்ததுமே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"என்னக்கா இது?"

"இவ்ளோ பெரிய கிரவுண்டுல அவளுக்கு இதான் முதல் மேட்சு. கண்ணு நிறைய பாக்கணும்டா. பக்கத்துல பேசறது புரிஞ்சா என்னால உக்கார முடியாது."

"ஓ, கண்ணு பட்டுடும்னு பயமா?"

"அப்படித்தான் வெச்சுக்க."

எதிர்ப்பக்கம் போனார்கள். அங்கே முழுக்கக் கன்னடம். எல்லையோரத்துப் பிறப்பு, சுகுணாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அங்கிருந்து கிளம்பினார்கள். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பக்கத்து வரிசையில் தெலுங்கு.

"தெலுங்கு உனக்கு அவ்ளோவா வராதேக்கா!"

"மாமியாகிட்ட வாங்கி வாங்கியே கத்துக்கிட்டேன். மத்தது எப்படியோ, திட்டு மட்டும் நல்லா புரியும். எந்திரி."

அடுத்த பகுதியில் இந்தி. பக்கத்து வீட்டு அஸ்கரி பேகத்தோடு பழகியதில் அதுவும் அவளுக்கு அத்துப்படி. சந்திரமோகனுக்கு மூச்சு வாங்கியது. இருபத்தைந்தாயிரம் பேர் உட்காரும் இடத்தில் தன் அக்காவுக்கு மட்டும் ஒரு சீட்டு இல்லையே என்று அழுகையே வந்துவிட்டது.

கடைசியில், உச்சி வரிசையில், கூரையை ஒட்டி ஒரு கூட்டம். மணிப்பூரிலிருந்து வந்து படிக்கும் பையன்களாம். பத்து பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு ஏதாவது புரியுதா?" என்றாள் சுகுணா.

"சத்தியமா இல்ல."

"எனக்கும் இல்லடா!" பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்ததைப் போல முகம் மலர்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

ஆட்டம் ஆரம்பமானது.

"இங்கிருந்து பாத்தா எல்லாரும் கடுகாட்டம் இருக்காங்க. இதுல பிரியா எவக்கா?"

"தோ, ஓடறா பாரு."

"எல்லாரும்தான் ஓடறாங்க! எந்த கோல் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் ஓடுவா."

"அடேங்கப்பா, கேப்டனா இருப்பாளோ!"

அக்கா கை காட்டும் திசையில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவன், சென்னை அணியின் ஒன்பதாம் நம்பர்காரிதான் பிரியா என்று தானாகவே முடிவு செய்துகொண்டான். அவளுக்குப் பந்து கிடைக்கும்போதெல்லாம் துண்டைச் சுழற்றினான்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். ஒன்பதாம் நம்பர் விட்ட உதையில் பந்து வலைக்குள் பாய்ந்தது. சந்திரமோகன் பக்கத்து மணிப்பூர்ப் பையனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். அதற்குள் கீழே விசில் ஒலித்தது. ரெஃப்ரி கையை உயர்த்தினாள். ஆஃப் சைடு. கோல் கிடையாது.

மைதானமே கொந்தளித்தது. மணிப்பூர்ப் பையன்கள் எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார்கள். சுகுணா மட்டும் அசையவில்லை. நல்ல நாதஸ்வரக் கச்சேரி கேட்பவள் போலத் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சந்திரமோகன் சீட்டின் மேலேயே ஏறி நின்றான். கழுத்து நரம்பு புடைக்க, சுத்தமான பாலக்கோட்டுத் தமிழில், அந்த ரெஃப்ரியைப் பார்த்துக் கத்தினான்.

"ஏய் விசிலு! கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? எங்க பிரியா போட்டது கோலு இல்லியா? உன்னையெல்லாம் ஒருத்தி பெத்தா பாரு, அவளச் சொல்லணும்!"

சுகுணா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நான்தான்டா பெத்தேன். சொல்லு."