லானி டாக்கெட்டின் சட்டைகள்

"மாமா! மறுபடியும் தூக்கிட்டுப் போயிட்டாளுங்க! ரோஸ் கலர் சட்டை!"

பின்வாசலில் நின்று லானி போட்ட கூச்சலில், கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஹாய்ட் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். துணிக்கொடியில் இரண்டு கிளிப்புகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"யாருப்பா தூக்கினது? கேட் பக்கம் ஒரு ஈ காக்கா வரலியே!"

"ரசிகைங்கதான் மாமா. வேலி ஏறிக் குதிச்சிருப்பாளுங்க. அவளுங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?" என்றான் லானி, வீட்டில் போடும் சாம்பல் நிற அங்கியின் நாடாவை இறுக்கிக்கொண்டே. சட்டை போன வருத்தம் அந்த முகத்தில் துளியும் இல்லை.

சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது. லானியின் அம்மா வெர்னா தலையை நீட்டினார். ஹாய்ட்டுக்குக் கூடப்பிறந்த அக்கா என்றாலும், திட்டுவதில் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது.

"காவல் காக்கிறியா, தூங்கி வழியறியா? இன்னும் ஒரே ஒரு சட்டை காணாம போகட்டும், மூட்டையைக் கட்டிக்கிட்டு நீ பஞ்சு மில்லுக்கே கிளம்பு. சொல்லிட்டேன்!"

"அக்கா, சத்தியமா நான் கண்ணை மூடலை..."

"ஆமா, சட்டைக்கு இறக்கை முளைச்சு மெம்பிஸ் டவுனுக்குப் பறந்து போச்சு!"

"விடும்மா, பாவம்" என்று சிரித்தான் லானி. "பொண்ணுங்க என்னை இன்னும் விடமாட்டேங்குறாங்க. அதுக்கு மாமா என்ன பண்ணுவார்?"

அதைக் கேட்டு அம்மாவும் சிரித்துவிட்டார். ஹாய்ட்டுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மில் தூசியில் நெஞ்சு கெட்டுப்போய் இங்கே வந்தவர். இந்த வேலையும் போனால் நடுத்தெருதான்.

ஒரு காலத்தில் இதெல்லாம் நடந்ததுதான். லாரி ஓட்டிக்கொண்டிருந்த லானி, இடுப்பை ஆட்டிக்கொண்டு முதல் ராக் அண்ட் ரோல் பாட்டைப் பாடியதும் ஊரே பற்றிக்கொண்டது. கேட்டில் பெண்கள் கூட்டம் அலைமோதும். முற்றத்துப் புல்லைக்கூடப் பிய்த்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி மக்னோலியா மரத்தில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்க, தீயணைப்பு வண்டி வந்துதான் இறக்கியது. ஞாயிறுதோறும் சர்ச்சில் லானியைச் சபித்த போதகரின் மகளே, இதே கொடியில் சட்டை திருடி மாட்டிக்கொண்டாள்.

இப்போது ரேடியோவைத் திருப்பினால் நெற்றி மறைய முடி வளர்த்த இங்கிலாந்துப் பையன்களின் பாட்டுதான். கேட்டுப் பக்கம் வருவது தபால்காரர் ஒருவர்தான். அவரும் நிற்பதில்லை. அப்படியிருக்க, வேலி ஏறிக் குதித்துச் சட்டை திருடுகிற மகராசி யார்? யோசித்து யோசித்து ஹாய்ட்டுக்கு மண்டை காய்ந்தது.

மறுநாள் காலை வெர்னா மஞ்சள் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டார். ஹாய்ட் கோழிக் கூண்டுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார். வெயில் ஏறியது. வேலிப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. பின்கதவுதான் மெல்லத் திறந்தது.

அதே அங்கியில், வெறுங்காலோடு லானி வந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கிளிப்பைக் கழற்றி, சட்டையைச் சுருட்டி அங்கிக்குள் திணித்துக்கொண்டான். பிறகு "மாமா!" என்று கத்த வாயைத் திறந்தான். அதற்குள் மாமாவே எதிரில் எழுந்து நின்றார்.

"டேய், உன் சட்டையை நீயே ஏன்டா திருடறே? பைத்தியமா பிடிச்சிருக்கு?"

லானியின் முகம் வெளிறிப்போனது.

"மெதுவா பேசுங்க மாமா! ரெக்கார்டு கம்பெனிக்காரன் என்னைக் கழட்டி விட்டுட்டான். இனிமே பாட்டு கிடையாது, ஒண்ணும் கிடையாது. அம்மாவுக்குத் தெரியாது. ஏற்கெனவே நெஞ்சு வலிக்காரங்க, தெரிஞ்சா தாங்குவாங்களா? ஒரு சட்டை காணோம்னா, 'என் பையனுக்கு இன்னும் மவுசு குறையலை'ன்னு அன்னைக்கு முழுக்கச் சந்தோஷமா இருக்காங்க. காட்டிக் குடுத்துடாதீங்க மாமா."

மேடையில் நின்று ஆயிரம் பேரை அலற வைத்தவன், கோழிகளுக்கு நடுவே நின்று அழுதான். ஹாய்ட்டுக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. உண்மையைச் சொன்னால் அக்காவின் உயிருக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் தன் பிழைப்பு போகும். குழம்பிப்போய்ச் சமையலறைக்குள் நுழைந்தார்.

வெர்னா தொட்டியில் ஒரு நீலச் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மஞ்சளும் போச்சுக்கா" என்றார் ஹாய்ட், தரையைப் பார்த்தபடி. "நான்தான்... கொஞ்சம் கண்ணசந்துட்டேன். சாயங்கால பஸ்ல கிளம்பிடறேன்."

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார். ஒரு தம்ளரில் ஐஸ் டீயை ஊற்றி தம்பியிடம் நீட்டினார்.

"உக்காருடா. நீ கோழிக் கூண்டுக்குப் பின்னாடி குந்தியிருந்ததை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உன்னை யாரு அனுப்பறாங்க? நான் நாலு சத்தம் போட்டாத்தானே அவன் நம்புவான்?"

ஹாய்ட் திருதிருவென்று விழித்தார். "அப்போ... உனக்கு..."

"கம்பெனிக்காரன் போன் பண்ணப்போ எடுத்ததே நான்தான். அன்னைக்குப் படுத்தவன்டா, சோறு தண்ணி வேண்டாம்னு சுவரைப் பாத்துக்கிட்டே கெடந்தான். இப்போ இந்தக் கொடிக்காகத்தான் தினமும் ஒரு தடவையாவது எழுந்து வெளியே வர்றான்."

வெர்னா மறுபடியும் தொட்டிப் பக்கம் திரும்பி, நீலச் சட்டையைப் பிழிந்து உதறினார்.

"மாசக்கணக்கா அந்த அங்கியைத் தவிர அவன் வேற எதையுமே போடலை. அப்புறம் யாரோட அழுக்கைடா நான் தினமும் துவைச்சுக் காயப்போடறேன்?"