அவ பேச மாட்டா

"உங்க பேரு என்னக்கா?"

ஷர்லி கேட்டது அந்த அம்மாவிடம். பதில் வந்தது பக்கத்தில் நின்ற புருசனிடமிருந்து.

"அமராவதிங்க. ஊரு வல்லத்திராக்கோட்டை."

"சுகர், பிரஷர் ஏதும் இருக்காக்கா?"

"இல்லைங்க." அதற்கும் அவர்தான்.

திருக்கோகர்ணத்தில் டாக்டர் ஹரிணியின் பல் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து ஷர்லி எத்தனையோ புருசன்மாரைப் பார்த்துவிட்டாள். பொண்டாட்டிக்குப் பல்வலி என்றால், வெளியே பைக்கில் உட்கார்ந்து போனை நோண்டுகிறவர்கள்தான் அதிகம். இப்படி ஒட்டிக்கொண்டு நின்று, பொண்டாட்டியைப் பேர்கூடச் சொல்லவிடாத ஆள் புதுசு.

அமராவதியோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்கும் இது பிடிக்கவில்லை. "என்ன பண்ணுதுன்னு அவங்களே சொல்லட்டும்ங்க."

"அவ பேச மாட்டாம்மா. நானே சொல்லிடுறேன்." புருசன் நாகராசு சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். "பல்லு வெளக்குனா ரத்தம் வருது. ஈறு வீங்கிக் கெடக்கு. கீழ முன்பல்லு லேசா ஆடுது."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் மனுசனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஃபேன் ஓடுகிற ரூமில் ஏன் இப்படி வேர்க்கிறது? ஏதோ தப்பு இருக்கிறது என்று ஷர்லி அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். "மேலால சுத்தம் பண்ணாப் பத்தாதுங்க. ஈறுக்கு அடியில, வேர் வரைக்கும் அழுக்கு கெட்டியாகிக் காரையா எறங்கியிருக்கு. மரத்துப்போக ஊசி போட்டு டீப் கிளீனிங் பண்ணணும். இன்னைக்கு ஒரு பக்கம், அடுத்த வாரம் மறுபக்கம். அப்படியே விட்டா எலும்பு கரைஞ்சு பல்லு விழுந்துரும்."

"காரையை எடுத்தா பல்லு இன்னும் ஆடிப்போகும்னு ஊர்ல சொல்றாங்களே?"

"மொதல்ல சந்து தெரியும், கொஞ்சம் கூசும். அப்புறம் ஈறு இறுகிப் பல்லைப் பிடிச்சுக்கும். பயப்படாதீங்க."

நாகராசு தயங்கினார். துண்டைத் திருகினார். "இது முடிஞ்சா... அவ பழையபடி பேசலாங்களா?"

ஷர்லிக்குத் தலை சுற்றியது. பேசவிடாமல் வைத்திருக்கிறவரே, எப்போது பேசலாம் என்று கேட்கிறாரே! இது என்ன கூத்து?

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் ஊசி போட்டார். மரத்துப்போகட்டும் என்று அவர் கை கழுவப் போன நேரத்தில், ஷர்லி குனிந்து காதோடு கேட்டாள்.

"அக்கா, வீட்டுல அவரு ஏதும் கொடுமை பண்றாரா? தலைய ஆட்டுங்க, போதும். நான் பாத்துக்கிறேன்."

அமராவதி கண்ணை அகல விரித்தாள். இல்லை இல்லை என்று வேகமாகத் தலையாட்டினாள். சிரிக்கப் பார்த்தாள். பாதி முகம் மரத்திருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது.

ஐயோ பாவம், எவ்வளவு பயமிருந்தா இப்படி மறைப்பாங்க என்று ஷர்லிக்கு மனசு பொங்கிவிட்டது.

அடுத்த வாரம் மறுபக்கமும் முடிந்தது. அன்றைக்கும் நாகராசுதான் பேசினார், வேர்த்தார், துடைத்துக்கொண்டார்.

ஈறு ஆறிவிட்டதா என்று பார்க்க மறுபடி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த நாளுக்காகவே ஷர்லி காத்திருந்தாள். இரண்டு பேரும் உள்ளே நுழைந்ததும் நாகராசுவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, நீங்க வெளியிலயே நில்லுங்க. இன்னைக்காவது அக்கா வாயத் தொறந்து பேசட்டும்!"

"அவர ஏன் ஆத்தா வெரட்டுற?"

கணீரென்று கேட்ட குரலில், காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அமராவதிதான்! முந்தானை வாயில் இல்லை, இடுப்பில் செருகியிருந்தது.

"போன வருசம் எங்க ஊரு முளைப்பாரிக்கு நான்தான் முன்னால நின்னு குலவை போட்டேன். எப்பவும் நான்தான் போடுவேன். பக்கத்துல நின்னவ சட்டுனு மூக்கைப் பொத்திக்கிட்டு அங்கிட்டு ஒதுங்கிட்டா. வாய் நாத்தமாம். நாலு பேரு சிரிச்சுப்புட்டாங்க. அன்னைக்கு மூடுன வாய்தான். கடைக்குப் போனாலும் பேச மாட்டேன், சொந்தக்காரங்க வந்தாலும் பேச மாட்டேன். எல்லா எடத்துலயும் இந்த மனுசன்தான் எனக்குப் பதிலாப் பேசுனாரு. இந்தா, இப்பப் பக்கத்துல வந்து பாரு, ஏதும் வீச்சம் அடிக்குதா? வர்ற செவ்வாக்கெழம முளைப்பாரி. நீயும் வந்துரு, நான் குலவை போடுறதக் கேளு!"

மூச்சு விடாமல் பேசினாள். ஒரு வருசத்துப் பேச்சு அல்லவா, அடக்க முடியுமா?

ஷர்லிக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாகராசு பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. ஒங்களத் தப்பா நெனச்சுட்டேன். இப்படின்னு நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

நாகராசு தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். துண்டு தோளில் கிடந்தது, முகத்தில் வேர்வையே இல்லை.

"அவரு எங்க ஆத்தா சொல்லப்போறாரு?" அமராவதி முந்திக்கொண்டாள். "பொண்ணு பாக்க வந்தப்பவே இவருக்கும் சேத்து இவங்க அக்காதான் பேசுச்சு. பஸ்ஸுல டிக்கெட் கேக்கவே கூச்சப்படுற மனுசன், எனக்காக ஒரு வருசமா ஊரு பூரா பேசிக்கிட்டுத் திரிஞ்சாரு!"