போல்ட் கேட்ட ஒரே கேள்வி

கருங்கல் பாறையின் அடியில் குழிக்குள் அடித்து இறுக்குகிற இரும்பு போல்ட் ஒன்று கிடந்தது. பாறையேறுகிறவர்கள் கயிறு மாட்டித் தொங்கப்போவது அதன்மேல்தான். அது கழன்றால் ஆள் போச்சு. ஏற வந்த ஜெசிந்தா ஷூ லேஸைக் கட்டி முடிப்பதற்குள், பக்கத்தில் இருந்த இரண்டு டிரில்களில் தனக்குக் குழி போட யார் வேண்டும் என்று அது முடிவு செய்தாக வேண்டும்.

பெரிய டிரில் நெஞ்சை நிமிர்த்தியது. "ஒரு சார்ஜுக்கு நான் முப்பது குழி போடுவேன். இந்தப் பொடியன் ஆறு போட்டாலே மூச்சு வாங்குவான்."

"அஞ்சுதான் அண்ணே" என்றது சின்ன டிரில்.

போல்ட் தயங்கித் தயங்கிக் கேட்டது. "குழிக்குள்ள கல்தூள் இருந்தா எனக்குப் பிடி கிடைக்காதுங்க. அதை ஊதி எடுக்கிறவரைக்கும் நிப்பீங்களா?"

"நீ தூளைத் தேடுறதுக்குள்ள நான் நாலாவது குழியில இருப்பேன்மா" என்றது பெரியது.

சின்னது கூச்சத்தோடு சொன்னது. "எனக்கு எப்படியும் நடுவுல ஓய்வு வேணும். ஏறுறவங்க நிதானமா ஊதட்டும்."

போல்ட் உருண்டுபோய்ச் சின்ன டிரில்மேல் சாய்ந்துகொண்டது. ஜெசிந்தா போல்டையும் சின்ன டிரில்லையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு ஏறினாள். குழி போட்டு, ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதி, போல்டை உள்ளே அடித்து, நட்டை முறுக்கி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

கீழேயிருந்து பெரிய டிரில் குரல் கொடுத்தது. "என்னடா தம்பி, எத்தனை ஆச்சு?"

"ஒண்ணுதான் அண்ணே. அதுல ஆள் தொங்கிட்டிருக்காங்க."

 போல்ட் பாறையைப் பிடித்துக்கொண்டிருந்தது.